ஓட்டேரி வழி

ஏசுபாதம் சித்தப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து
பிரியாணி அண்டாவைத் திருப்பிக் கொடுக்கப் போன லோடு ஆட்டோவிலேயே
சைக்கிளும் ஏறி என் வீட்டுக்கு வந்தது.
உயிலில் அதற்குத் தனியாக ஒரு வரி:
வண்டி, ஸ்டெல்லாராணிக்கு.
வேறு யாரும் கேட்கவுமில்லை.

வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்றார் அப்பா.
ராலே, என்றான் அண்ணன், தூரத்திலிருந்தே.
வில்லிவாக்கம் அத்தை அதை
லண்டனில் கப்பலேற்றியே விட்டாள்.

கழுத்தில் கம்பெனி வில்லை இருந்த இடத்தில்
இரண்டு ஆணித் துளைகள்.
ராலே என்றால் செயின் சக்கரத்தில்
கொக்கின் தலை இருக்கவேண்டுமாம்.
கொக்கு இல்லை. ஐந்து ஆரம்,
அதிலொன்று வெல்டு வைத்தது.

தலைகீழாக நிறுத்தி
பெடல் அச்சின் அடிவயிற்றை
டீசல் தொட்ட பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன்.
கிரீஸ், அடியில் மண், அதற்கும் அடியில்
இன்னும் பழைய கிரீஸ்.
ஆறு எண்கள் எழுந்து வந்தன.
முதலாவது மூன்றா எட்டா?
தாள் வைத்துப் பென்சிலால் ஒற்றியெடுத்தேன்.
அப்போதும் அது
மூன்றாக இருக்க நினைத்த எட்டு.

ஃபோர்க் வேறு வண்டியுடையது.
முன் ரிம் ஒரு கம்பெனி, பின் ரிம் ஒரு கம்பெனி.
கேரியரில் பாதி தேய்ந்த முத்திரை: அம்பத்தூர்.
லண்டன் கப்பல் அங்கேயே தரைதட்டியது.

டெலிவரிப் பையன்களுக்குப் பஞ்சர் போடும் தமீம்
"ஓவராயில் பண்ற காசுக்குப் புதுசே வாங்கலாம்க்கா" என்றான்,
சொல்லிக்கொண்டே பால்ரஸ்களைக் கிண்ணத்தில் போட்டு எண்ணினான்.
கோட்டம் எடுத்தான்.
பெயின்ட்டை மட்டும் நான் உரிக்கிறேன் என்றேன்.

கறுப்பு.
கறுப்புக்கு அடியில் பச்சை.
பின் மட்கார்டில், பச்சைக்கும் அடியில்
மஞ்சளாய் ஒரு கீற்று.
உப்புத்தாளை நனைத்து நனைத்து
ஒவ்வோர் எழுத்தாக:

சலாமத் வாடகை சைக்கிள் நிலையம்
ஓட்டேரி
எண் 14

சித்தப்பா!
கண்டக்டர் கூடுதலாகத் தந்த அரை ரூபாயை
மறுநாள் டெப்போ வரை போய்க் கொடுத்தவர்.
கடையில் ஒரு ரப்பரை நான் பையில் போட்டு வந்ததற்கு
அழ அழ என்னைத் திருப்பிக் கூட்டிப்போனவர்.

ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவள் நான்.
கணக்கு தானாக ஓடிற்று.
மணிக்கு ஐம்பது பைசா, நாற்பத்தொரு வருடம்,
ராத்திரிக்குத் தனி ரேட் போடாமல், வட்டி போடாமல்,
ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.
அன்றைக்கு அப்படி என்ன அவசரம்?
அல்லது அவசரமே இல்லாமல்
ஒருநாள் தள்ளிப்போய், பிறகு ஒரு வாரம் தள்ளிப்போய்,
பிறகு போக முடியாமல் போனதா?

பாரில் என்னை உட்காரவைத்துப் பள்ளிக்கு விடுவார்.
அயனாவரத்திலிருந்து வேப்பேரிக்கு
ஓட்டேரி வழியாக நேர் ரோடு.
அவர் கெல்லீஸ் சுற்றி, புரசைவாக்கம் நெரிசலில் புகுந்து,
மணி அடித்த பிறகு
பூட்டிய கேட்டின் முன் இருவரும் நிற்போம்.
ஏன் சித்தப்பா இந்த வழி?
"அந்தப் பக்கம் நாய்த் தொல்லைம்மா."

"மட்கார்டுக்கும் கறுப்பு அடிச்சிடவா?" தமீம் கேட்டான்.
வேணாம். மேலே வார்னிஷ் மட்டும்.

ஞாயிறு காலை ஓட்டேரி வழியே போனேன்.
மருந்துக் கடைக்காரருக்குத் தெரியவில்லை.
சாவி ராவுகிறவர் மட்டும்
"சலாமத்தா?" என்று கையை வீசினார்,
பாலத்தின் பக்கமாகவோ வானத்தின் பக்கமாகவோ.
இறங்கினேன். ஸ்டாண்டு போட்டேன்.
மணியை ஒரு தடவை அடித்தேன்,
வண்டி வந்துவிட்டது என்று யாராவது குறித்துக்கொள்ளட்டும்.

சாத்திய ஷட்டரின் கீழே
நிஜமாகவே ஒரு நாய்.
ஒற்றைக் காதைத் தூக்கியது.
குரைக்கவில்லை.